இறுதி விசிலுக்குப் பிறகான ஒரு மணி நேரம்

ஓர் உதைபந்தாட்ட அரங்குக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால், எந்த ரயிலில் ஏற வேண்டும், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை என்று உடனே சொல்லிவிடுவோம். எப்படித் திரும்பி வருவது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. போட்டிக்கு வருகிற சனம் இரண்டு, மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வந்து சேர்கிறது. நடுவர் கடைசி விசிலை ஊதியதும், வந்தவர்கள் அத்தனை பேரும் கால் மணி நேரத்துக்குள் வாசலுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். ஒரு புதிய அரங்கு நல்ல இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை, அந்த ஒரு மணி நேரத்தில் அதைச் சுற்றி நடப்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. கிழக்கு லண்டனில் வெஸ்ட் ஹாம் யுனைட்டட் கழகம் 2016இல் அப்டன் பார்க்கிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு இடம் மாறியதை ஈஸ்ட் ஹாமில் குடியிருந்தபடியே பார்த்தவன் நான். இரண்டு அரங்குகளுக்கும் போய் வந்திருக்கிறேன். இந்த எண்ணம் அந்தப் போக்குவரத்திலிருந்து உருவானது.

பழைய அரங்கு எங்கள் பகுதிக்குள்ளேயே இருந்தது. அதன் முறையான பெயர் பொலின் கிரவுண்ட்; ஊரில் எல்லாரும் அப்டன் பார்க் என்றே சொல்வோம். 1904இலிருந்து 2016 வரை, நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள், கழகம் அங்கேதான் ஆடியது. கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 35,000 பேர் அமர இடம் இருந்தது. டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற சுரங்க ரயிலில் வந்து அப்டன் பார்க் நிலையத்தில் இறங்கினால் நிலைய வாசலே கிரீன் ஸ்ட்ரீட்டில்தான் திறக்கும். வலப்பக்கம் திரும்பி, குயீன்ஸ் மார்க்கெட்டைத் தாண்டி, சேலைக் கடைகளும் தங்க நகைக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் நெருங்கி நிற்கும் வீதியில் கொஞ்சத் தூரம் நடந்தால் அரங்கு வந்துவிடும். வழிகாட்டிப் பலகை எதுவும் தேவைப்பட்டதில்லை. கடும் சிவப்பும் வெளிர்நீலமும் கலந்த சட்டைக்காரர்களின் பின்னால் போனால் போதும்.

ரயில் வசதியை மட்டும் கணக்கில் எடுத்தால் அது மோசமான இடம். பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு நிலையம். அதன் படிகள் ஒடுக்கமானவை. வீதியும் அகலமானதல்ல. போட்டி முடிந்ததும் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே வரிசை நீண்டு நிற்கும். குதிரைப் பொலிசார் வீதியின் நடுவே நிற்பார்கள். பேருந்துகள் அசையவே மாட்டா. ஆனாலும் அந்த நெரிசல் ஒரு வகையில் தானாகவே கரைந்தது. எப்படிக் கரைந்தது என்பதை, அது இல்லாமல் போன பிறகே நான் யோசித்துப் பார்த்தேன். வரிசையின் நீளத்தைக் கண்டவர்கள் அதில் போய் நிற்கவில்லை. சிலர் மதுக்கடைக்குள் நுழைந்தார்கள். சிலர் பை அன்ட் மாஷ் (இறைச்சி பொதிந்த அப்பமும் மசித்த உருளைக்கிழங்கும்) விற்கும் கடையில் உட்கார்ந்தார்கள். சிலர் கபாப் வாங்கிச் சுவரோரம் நின்று தின்றார்கள். இன்னும் பலர் பிளாஸ்டோ நிலையத்துக்கோ ஈஸ்ட் ஹாம் நிலையத்துக்கோ பேசிக்கொண்டே நடந்தார்கள். எவரும் எவரையும் நிறுத்தி வைக்காமலே 35,000 பேர் ஒன்றரை மணி நேரத்துக்குள் கலைந்து போனார்கள். வீதியில் நின்று காத்திருப்பதற்கு இடமும் காரணமும் இருந்தன.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் உள்ள எங்கள் தமிழ்க் கடைகளுக்கும் அந்த நாள் வேறு நாள்தான். சனிக்கிழமை பிற்பகலில் மரக்கறி வாங்கப் போனால், கடைக்காரர் காசை எண்ணிக்கொண்டே, “தம்பி, இண்டைக்கு மட்ச் இருக்கோ?” என்று கேட்பார். போட்டி இருந்தால் சாமான் ஏற்றி வரும் வாகனம் எத்தனை மணிக்கு முன் வந்து திரும்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவர் ஒரு போட்டியைக்கூட உள்ளே போய்ப் பார்த்தவர் அல்லர். ஆனால் போட்டி அட்டவணை அவரிடம் மனப்பாடமாக இருந்தது.

அந்தக் காலத்தை முழுக்கப் பொற்காலம் என்று எழுதிவிட எனக்கு மனம் வராது. 1970களிலும் 80களிலும், இந்த ஊர்கள் அடங்கிய நியூஹாம் பகுதியில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களுக்குப் போட்டி நாள் என்பது அச்சம் தரும் நாளாக இருந்தது. இனவெறிக் கோஷங்களோடு கூட்டம் வீதியில் போன காலம் அது. பிள்ளைகளை வெளியே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிற்காலத்தில் நிலைமை மெல்ல மாறியது. நான் போகத் தொடங்கிய நாள்களில் என் பக்கத்து இருக்கையில் பங்களாதேசத்துப் பெரியவர் ஒருவர் பேரனோடு வந்து அமர்வார். அந்த மாற்றம் அரங்குக்கு உள்ளே மட்டும் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஆண்டுக்குப் பல முறை, ஒரே வீதியில், கடைக்காரரும் ரசிகரும் ஒருவரையொருவர் கடந்து போக வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

அப்டன் பார்க்கின் கடைசிப் போட்டி 2016 மே 10 அன்று மன்செஸ்டர் யுனைட்டட் அணியோடு நடந்தது. வீதியின் ஒடுக்கம் அன்று உலகத்துக்கே தெரிந்தது. வருகை தந்த அணியின் பேருந்து சனத்துக்குள் சிக்கி, அதன் மீது போத்தல்கள் வீசப்பட்டு, ஆட்டம் 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 3–2 என்று வென்றது. வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்த கோல்தான் வெற்றியைத் தந்தது. அப்படிப்பட்ட இரவுகளைக் காட்டி, இடமாற்றம் தவிர்க்க முடியாதது என்று வாதிட்டவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நிலத்தில் இப்போது 800க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுதி நிற்கிறது.

போக்குவரத்துச் சிக்கல் இந்தக் கழகத்துக்குப் புதியதல்ல. 1895இல் தேம்ஸ் அயர்ன்வேர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் தொழிற்சாலையின் தொழிலாளர் அணியாகப் பிறந்தது அது. தொழிற்சாலையின் தலைவர் ஆர்னல்ட் ஹில்ஸ் 1897இல், விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டில், மெமோரியல் கிரவுண்ட்ஸ் என்ற பெரிய மைதானத்தைத் தம் செலவில் திறந்து வைத்தார். பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. இன்று வெஸ்ட் ஹாம் என்று அழைக்கப்படும் அந்த நிலையம் 1901இல்தான் திறந்தது. அதுவரை அவ்வளவு பெரிய மைதானம் எதிர்பார்த்த கூட்டத்தைக் காணவில்லை. பிறகு ஹில்ஸோடு ஏற்பட்ட முரண்பாட்டால் 1904இல் கழகம் அங்கிருந்து வெளியேறி, 1877 முதலே ரயில் நிலையம் இருந்த அப்டன் பார்க்குக்கு வந்தது. மெமோரியல் கிரவுண்ட்ஸ் இன்றும் பொதுப் பூங்காவாக இருக்கிறது. புதிய அரங்குக்குப் போக நான் ரயில் மாறுவது அதன் பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் ஹாம் நிலையத்தில்தான்.

புதிய அரங்கு 2012 ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டப்பட்டது. அப்போது 80,000 பேர் அமரக்கூடியதாக இருந்ததை மாற்றியமைத்து, 99 ஆண்டுக் குத்தகைக்கு வெஸ்ட் ஹாம் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2016 ஆகஸ்ட் 4 அன்று ஸ்லோவேனியாவின் டொம்சாலே அணியோடு நடந்த ஐரோப்பா லீக் தகுதிப் போட்டிதான் அங்கே கழகத்தின் முதல் போட்டி. இப்போது உதைபந்தாட்டத்துக்கு 62,500 பேர் வரை அனுமதிக்கிறார்கள். அப்டன் பார்க்கிலிருந்து தூரம் ஏறத்தாழ மூன்று மைல்தான். வரைபடத்தில் ஒரு விரற்கடைகூட இல்லை. ஆனாலும் ஊர் விட்டு ஊர் போனது போலத்தான் எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

போவதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. லண்டனில் இதைவிட வசதியாகப் போய்ச் சேரக்கூடிய உதைபந்தாட்ட அரங்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் சென்ட்ரல் லைன், ஜுபிலி லைன், டி.எல்.ஆர். என்ற இலகு ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன், எசெக்ஸ் பக்கத்து நெடுந்தூர ரயில்கள் எல்லாம் ஒன்று கூடுகின்றன. பக்கத்திலேயே ஸ்ட்ராட்ஃபோர்ட் இன்டர்நஷனல் நிலையம். அங்கிருந்து கென்ட் பகுதிக்கும் செயின்ட் பாங்க்ராசுக்கும் வேக ரயில்கள் ஓடுகின்றன. தெற்கே புடிங் மில் லேன், மேற்கே ஹாக்னி விக். 2022இல் எலிசபெத் லைனின் நடுப்பகுதி திறந்த பிறகு, ஹீத்ரோ பக்கத்திலிருந்து வருபவர்கள்கூட எளிதாக வந்துவிடுகிறார்கள். நான் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, வெஸ்ட் ஹாமில் ஜுபிலிக்கு மாறினால், அடுத்த நிறுத்தமே ஸ்ட்ராட்ஃபோர்ட். மேனர் பார்க் பக்கத்தில் இருப்பவர்கள் ரொம்ஃபோர்ட் வீதியில் 25 அல்லது 86ஆம் இலக்கப் பேருந்தைப் பிடிக்கலாம். கார் கொண்டு போக நினைப்பவர்களுக்கு ஒரே அறிவுரைதான்: வேண்டாம். ரசிகர்களுக்கான தரிப்பிடம் அங்கே இல்லை. சுற்றியுள்ள குடியிருப்பு வீதிகளிலும் போட்டி நாள் கட்டுப்பாடு இருக்கும்.

நிலையத்திலிருந்து அரங்குக்குப் பதினைந்து, இருபது நிமிட நடை. வெஸ்ட்ஃபீல்ட் பேரங்காடியை ஒட்டிப் போய், சஹா ஹடீட் வடிவமைத்த நீச்சல் அரங்கைக் கடந்து, பாலம் ஏறினால் எதிரே அரங்கும் அதன் அருகில் 114.5 மீட்டர் உயரத்தில் சிவப்பாகச் சுருண்டு நிற்கும் ஆர்பிட் கோபுரமும் தெரியும். வெயில் உள்ள நாளில் வடிவான நடை அது. தள்ளுவண்டியோடு குழந்தைகளைக் கூட்டி வருபவர்களுக்கு அந்த அகலமான பாதை கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒருபோதும் கிடைக்காத நிம்மதி. அரங்கு அமைந்திருக்கும் நிலத்தை லீ ஆற்றின் கிளைகளும் கால்வாய்களும் ஏறத்தாழ முழுவதும் சூழ்ந்திருக்கின்றன. பெரும்பாலான திசைகளில் உள்ளே வருவதும் வெளியே போவதும் பாலங்கள் வழியாகத்தான். வரும்போது அது அழகு. திரும்பும்போதுதான் அதன் பொருள் விளங்கும்.

ஆட்டம் முடிகிறது. ஐம்பது, அறுபதாயிரம் பேர் இருக்கையை விட்டு எழுகிறார்கள். பெரும்பகுதியினர் திரும்புவது ஒரே திசையில், ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையத்தை நோக்கி. பாலத்தைத் தாண்டியதும் மஞ்சள் மேலங்கி அணிந்த பணியாளர்கள் கையில் வட்டப் பலகையோடு நிற்பார்கள். ஒரு பக்கம் ‘நில்’, மறுபக்கம் ‘போ’. பலகை திரும்பினால் முன்னால் உள்ள கூட்டம் ஒரு துண்டம் நகரும். மறுபடி திரும்பினால் நிற்கும். நூறு மீட்டர் போனால் இன்னொரு பலகை. தோற்ற நாளில், குளிர்கால மழையில், அந்தப் பலகையின் முன் நிற்கும் கூட்டத்தின் மௌனத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புடிங் மில் லேன் பக்கம் போனால் அங்கே வேறு வரிசை, டி.எல்.ஆர். வண்டிகள் சிறியவை. 2022 மே மாதம் முதல் நிலையத்தை ஒட்டியே ஆபா அரீனா என்ற இசை அரங்கமும் இயங்குகிறது. இரண்டு நிகழ்ச்சியும் ஒரே மாலையில் அமைந்துவிட்டால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கூட்டம் அந்தச் சிறிய நிலையத்தில் சந்திக்கும்.

அந்தப் பலகைகளைக் கண்டு எரிச்சல்படுபவர்கள் பலர். நான் அவற்றின் தேவையை மறுக்கவில்லை. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில், ரேஞ்சர்ஸ்–செல்டிக் ஆட்டம் முடிந்து வெளியேறிக்கொண்டிருந்த 66 பேர் ஒரு படிக்கட்டில் நெரிபட்டு இறந்தார்கள். ஆட்டம் பார்க்கையில் அல்ல, வீட்டுக்குத் திரும்புகையில் நேர்ந்த சாவு அது. அந்தத் துயரத்தின் பிறகு நடந்த விசாரணையே 1975ஆம் ஆண்டின் விளையாட்டரங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. ஸ்ட்ராட்ஃபோர்ட் நிலையமோ போட்டி இல்லாத நாளிலேயே நிரம்பி வழிவது. பெருந்தொற்றுக் காலமான 2020–21இல் பிரித்தானியாவிலேயே மிக அதிகம் பேர் பயன்படுத்திய ரயில் நிலையம் அதுதான். அதன் மேடைகளுக்கு அறுபதாயிரம் பேரை ஒரேயடியாக விட முடியாது. எங்கேயாவது ஓரிடத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

என் கேள்வி வேறு. நிறுத்தி வைப்பது அவசியமென்றால், நிற்பவர்களுக்கு அந்த நேரம் எப்படி இருக்க வேண்டும் என்று யார் யோசித்தார்கள்? ரயில் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், மணிக்கு எத்தனை ஆயிரம் பேர் என்ற கணக்கெல்லாம் ஸ்ட்ராட்ஃபோர்டில் சரியாக இருக்கிறது. அப்டன் பார்க்கில் அந்தக் கணக்கு எதுவும் சரியில்லை. ஆனால் அங்கே கடையும் மதுக்கடையும் தேநீர்க் கடையும் ஆயிரக்கணக்கானவர்களை அவர்கள் விருப்பத்தோடே அரை மணி நேரம் பிடித்து வைத்துக்கொண்டன. இங்கே அரங்குக்கும் நிலையத்துக்கும் நடுவே இருப்பது புல்வெளி, பாலம், தண்ணீர், அதன் பிறகு ஒரு பேரங்காடி. இடைப்பட்ட தூரத்தில் உட்கார இடம் குறைவு. மழைக்கு ஒதுங்கக் கூரை கிடையாது. நின்று பேசுவதற்குக் காரணமே இல்லாத வெளியில் எல்லாரும் ஒரே நேரத்தில் நடக்கிறார்கள். ஒரே நேரத்தில் நடப்பதால் எல்லாரையும் நிறுத்த வேண்டியிருக்கிறது.

வேறு புதிய அரங்குகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கவனித்து வருகிறேன். டொட்டன்ஹாம் கழகம் பழைய மைதானம் இருந்த இடத்திலேயே 62,850 இருக்கைகளோடு புதிய அரங்கைக் கட்டி 2019 ஏப்ரல் 3 அன்று திறந்தது. அங்கே ரயில் வசதி ஸ்ட்ராட்ஃபோர்டோடு ஒப்பிடவே முடியாதது. சுரங்க ரயிலைப் பிடிக்கச் செவன் சிஸ்டர்ஸ் நிலையத்துக்கோ டொட்டன்ஹாம் ஹேல் நிலையத்துக்கோ அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஆனால் அரங்குக்கு உள்ளேயே நீண்ட மதுக்கூடங்களையும் உணவுக் கூடங்களையும் அமைத்து, ஆட்டம் முடிந்த பிறகும் அவற்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கழகத்துக்கு அதில் வருமானம் உண்டு என்பது தெரிந்ததே. அதே நேரத்தில் கூட்டத்தின் ஒரு பகுதி தானாகவே பின்தங்குகிறது. அரங்கை ஒட்டிய கடைவீதியான ஹை ரோடும் உயிரோடு இருக்கிறது. பணம் சம்பாதிக்கும் நோக்கமும் கூட்டத்தைப் பிரிக்கும் நோக்கமும் அங்கே ஒரே திசையில் இழுக்கின்றன.

பிரைட்டன் கழகத்தின் வழி இன்னும் முழுமையானது. 1997இல் சொந்த மைதானத்தை இழந்து, இரண்டு பருவங்கள் எழுபது மைல் தொலைவிலுள்ள கிலிங்ஹாமில் ஆடி, பிறகு 2011 வரை வித்டீன் என்ற சிறிய தடகள மைதானத்தில் காலம் தள்ளிய கழகம் அது. வித்டீன் காலத்திலேயே, கார்களால் அயலவருக்குத் தொல்லை வரக்கூடாது என்பதற்காக, நுழைவுச்சீட்டோடு பேருந்து, ரயில் பயணத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பழகினார்கள். 2011இல் ஃபால்மரில் புதிய அரங்கு திறந்தபோதும் அதையே தொடர்ந்தார்கள். அரங்கு ரயில் நிலையத்தின் வாசலிலேயே நிற்கிறது. அந்த ரயிலை அவர்கள் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பது 2022 செப்டம்பரில் வெளிப்பட்டது. கிரிஸ்டல் பலஸ் அணியோடு நடக்கவிருந்த போட்டி ரயில் வேலைநிறுத்த அறிவிப்பால் ஒத்திவைக்கப்பட்டது. இது பலவீனம் என்று சிலர் சொல்லக்கூடும். ரசிகர் வீடு திரும்ப வழியில்லையென்றால் ஆட்டமும் இல்லை என்று முடிவெடுப்பது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

லிவர்பூலில் எவர்ட்டன் கழகம் 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை விட்டு, பிராம்லி-மூர் துறைமுகத் தளத்தில் எழுப்பிய அரங்கில் 2025 ஆகஸ்ட் 24 அன்று தன் முதல் லீக் போட்டியை ஆடியது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள். பக்கத்தில் இருப்பதோ சாண்ட்ஹில்ஸ் என்ற சிறிய நிலையம். நிலையத்துக்கு வெளியே வரிசைக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பலர் நகர மையத்துக்கு அரை மணி நேரம் நடந்தே போகிறார்கள். அந்த வீதியோரப் பழைய பண்டகசாலைகளில் கடைகளும் உணவகங்களும் பெருகப் பெருக, நடப்பவர்கள் வழியில் தங்கித் தங்கிப் போவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அது நடந்தால் சாண்ட்ஹில்ஸ் வரிசை தானாகக் குறையும்.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் திரும்புகிறேன். எனக்கு மிகப் பிடித்த வழி நிலையத்தைத் தொடாமலே வீடு திரும்புவது. அரங்கின் தெற்கே கிரீன்வே என்ற நடைபாதை போகிறது. 1858இல் தேம்ஸ் நதியின் நாற்றத்தால் நாடாளுமன்றமே தவித்த பிறகு, பொறியாளர் ஜோசப் பசல்கெட் கட்டிய வடக்குக் கழிவுநீர்க் கால்வாயின் முதுகில் அமைந்த மேட்டுப் பாதை அது. காலுக்குக் கீழே இன்றும் லண்டனின் கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட்டைக் கடந்து நடந்தால், 1868இல் திறந்த அபே மில்ஸ் நீரேற்று நிலையம் வரும். தேவாலயம் போன்ற அலங்கார வளைவுகளோடு ஒரு கழிவுநீர்க் கட்டடம். அதைத் தாண்டினால் வெஸ்ட் ஹாம் நிலையம். 2012 ஒலிம்பிக்கின்போது அந்த நிலையத்தில் இறங்கியவர்களை இதே பாதையால்தான் அரங்குப் பூங்காவுக்கு நடத்திச் சென்றார்கள். இன்னும் நடந்தால் பிளாஸ்டோ. அதற்கப்பால் எங்கள் ஈஸ்ட் ஹாம் பக்கம்.

பழைய ஊரையும் புதிய அரங்கையும் வாகனம் குறுக்கிடாமல் இணைக்கும் வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதில் எனக்கு முக்கியம். பிற்பகல் ஆட்டம் முடிந்து, வெளிச்சம் இருக்கும்போதே அந்த மேட்டில் நடந்தால், முதல் அரை மணியில் கூட்டம் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்துவிடுகிறது. தெரியாதவர்கள் தப்பிய கோலைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். வெஸ்ட் ஹாம் நிலையத்தை அடையும்போது மேடையில் இடம் இருக்கும். ஆனால் இரவு ஆட்டத்துக்குப் பிறகு என் மகளை அந்த வழியே கூட்டிக்கொண்டு வர நான் துணிவதில்லை. நீண்ட பகுதிகளில் வெளிச்சம் போதாது. இடையில் இறங்கும் படிகளும் குறைவு. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரையிலான வார நாள் ஆட்டங்கள் எல்லாம் இருட்டில்தான் முடிகின்றன.

இருட்டைப் பற்றிச் சொல்லும்போது ஆட்ட நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு என்றிருந்த வழக்கம் தொலைக்காட்சிக்காக உடைந்து, ஞாயிறு நண்பகல், ஞாயிறு மாலை, திங்கள் இரவு என்று சிதறிவிட்டது. வார இறுதியில்தான் லண்டன் ரயில் பாதைகளில் திருத்த வேலைகளும் நடக்கின்றன. ஜுபிலியோ டிஸ்ட்ரிக்டோ மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பல ரயில் பாதைகள் கூடும் நிலையம் என்ற பெருமை பாதியாகிவிடும். எசெக்ஸ் கரையோர ஊர்களிலிருந்து வருகிற மூத்த ரசிகர்கள் திங்கள் இரவு ஆட்டத்தில் எண்பதாவது நிமிடத்திலேயே எழுந்து போவதைப் பார்க்கும்போது, அவர்கள் ஆர்வம் குறைந்தவர்கள் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அது அநியாயமான பேச்சு. நில்–போ பலகைகளுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றால் வீட்டுக்கான ரயில் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். முழங்கால் வலியோடு படியேறி வருபவர் கடைசிப் பத்து நிமிடத்தைக் கைவிட்டுப் போகும்படி ஓர் அரங்கு அமைந்திருந்தால், குறை அரங்கைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

2023 ஜூன் 7 அன்று பிராகில், ஐரோப்பியக் கழகங்களுக்கான கொன்பரன்ஸ் லீக் கிண்ணத்தை வென்ற மறுநாள், அணியின் திறந்த பேருந்து ஊர்வலம் பழைய அரங்கின் அருகே உள்ள வெற்றியாளர் சிலையிலிருந்து புறப்பட்டு ஸ்ட்ராட்ஃபோர்ட் நகர மண்டபம் வரை போனது. வழி நெடுகச் சனம். கடைகளின் மேல்மாடிகளில், பேருந்து நிறுத்தங்களின் கூரைகளில், விளக்குக் கம்பங்களில் எல்லாம் ஆள்கள். இந்தப் பகுதியின் வீதிகளுக்கும் இந்தக் கழகத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடவில்லை என்று அன்று மாலை தெளிவாகத் தெரிந்தது. போட்டி நாளில் அந்தத் தொடர்புக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கத்தான் ஆளில்லை.

பெரிய செலவு பிடிக்கும் காரியங்களை நான் கேட்கவில்லை. கிரீன்வேயில் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து பிளாஸ்டோ வரை இரவு ஆட்ட நாள்களிலாவது போதிய விளக்கும் சில பணியாளர்களும் வேண்டும். அரங்குக்கும் பாலங்களுக்கும் நடுவே, மழைக்கு ஒதுங்கக்கூடிய கூரையின் கீழ், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் வரை திறந்திருக்கும் உணவுக் கடைகள் வேண்டும். அவற்றில் ஒரு பகுதியைக் கிரீன் ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட் நோர்த் வியாபாரிகளுக்குக் கொடுத்தால், 2016இல் போட்டி நாள் வருமானத்தை இழந்தவர்களுக்கும் அது ஒரு வழி. எந்த நிலையத்தில் எவ்வளவு நேர வரிசை என்பதை அரங்கின் பெரிய திரையில் கடைசி விசில் ஊதியவுடனே காட்டினால், பாதிப் பேர் வேறு திசைக்குத் திரும்புவார்கள் என்பது என் நம்பிக்கை. எங்கள் பக்கத்து ரசிகர் கூட்டங்களில் இந்த மூன்றையும் தொடர்ந்து பேசி வருகிறோம். அடுத்த பருவத்தின் அட்டவணை வருவதற்கு முன் நியூஹாம் மாநகர சபையின் உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுக்கவும் இருக்கிறோம். கிரீன்வேயில் இரவில் நடந்து பார்த்தவர்கள் எந்த இடத்தில் இருட்டு, எந்தப் படி உடைந்திருக்கிறது என்று குறித்துத் தந்தால் அந்த மனுவில் சேர்த்துக்கொள்வோம்.